உறையாத நெய்

"நாத்தம் வீசுது எண்டுதான் ஊர்ல முறைப்பாடு வைப்பாங்க. நாத்தம் வீசல்ல எண்டு முறைப்பாடு வச்சத இப்பத்தான் கேள்விப்படுறன், ராத்தா."

"வாயப் பொத்திட்டு ரோட்டப் பாரு."

"ரோட்டத்தான் தேடுறன். தண்ணிதான் தெரியுது. ரோடு அதுக்குக் கீழ எங்கயோ கிடக்கு."

"நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு பள்ளிவாசல்ல விசாரணை. அதுக்கு முன்னால அந்தப் பாலுக்கு என்ன நடந்த எண்டு நாம சொல்லணும். சொல்லாட்டி றாஹிலாட பால இந்த ஊர்ல பூனைக்கும் வாங்க மாட்டாங்க."

"பூனைக்கு ஆட்டு வாசம் இல்லாத பால்தான் விருப்பமாம். அதுட வாக்குமூலத்த வேணுமெண்டா நான் எடுத்துத் தாறன்."

கல்முனைக் கடைத்தெருவில் மாரி மழை நின்று பெய்துகொண்டிருந்தது. ஓட்டோவை ஓட்டியவன் பாயிஸ். பின்னிருக்கையில், அபாயாவின் கீழ் விளிம்பை நனையாமல் சுருட்டிப் பிடித்தபடி அவனுடைய மூத்த சகோதரி சுஹறா. ஒருகாலத்தில் அவள் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் சேதம் மதிப்பிடும் வேலை பார்த்தவள். எரிந்த கடைகளுக்குள் நுழைந்து, தீ எந்த மூலையில் பிறந்தது என்று கேட்பவள். அந்த வேலை போன பிறகும் கேட்கும் பழக்கம் போகவில்லை. பொலிஸுக்குப் போக முடியாத பெண்கள் அவளிடம் வந்தார்கள். பாயிஸ் அவளுக்குச் சாரதி, உதவியாளன், காவலாள். மூன்று பதவிக்கும் சேர்த்துச் சம்பளம் ஒரு நேரச் சோறு என்று அவன் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

இந்த முறை வந்தவள் நேரில் வரவில்லை, தொலைபேசியில்தான் அழுதாள். மருதமுனை றாஹிலா. கணவனைப் பிரிந்து, வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தாக் காலத்தில் இருப்பவள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு கறவை ஆடு. அதன் பாலை மருந்து செய்யும் பரிசாரியாருக்குக் கொடுத்துத்தான் நாளைத் தள்ளுகிறாள். அந்தப் பரிசாரியார்தான், இவள் ஆட்டுப்பால் என்று சொல்லிப் பால்மாவைக் கரைத்துத் தருகிறாள் என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லியிருந்தார். பாலில் கலப்படம் செய்தவள் என்ற பெயர் ஒருமுறை விழுந்தால் இந்த ஊர்களில் அது மௌத்து வரைக்கும் கூட வரும். அவளோ வாசலைத் தாண்டி வந்து மறுக்க முடியாத நிலையில் இருந்தாள்.

சீனிமுகம்மதுப் பரிசாரியாரின் மருந்துக்கடையில் வேர்களும் பட்டைகளும் ஈரத்தில் விழித்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு கோப்பையைச் சுஹறாவின் முன் நகர்த்தினார்.

"மோந்து பாருங்க மகள்."

சுஹறா மோந்து பார்த்தாள். சூடான பால் வாசம். வேறொன்றும் இல்லை.

"ஆட்டுப்பாலெண்டா கோப்பை கிட்ட வரக்குள்ளயே ஆடு வரணும். இந்த மூக்குத்தான் எனக்குத் தராசு. இதுல ஆடும் இல்ல, குட்டியும் இல்ல. தடிப்பு மட்டும் நல்லா இரிக்கி. அப்ப என்ன? பால்மா."

"பரிசாரியாருக்கு மூக்கடைக்கிற தடிமன் ஏதும் பிடிச்சிரிக்கா?" என்றான் பாயிஸ், கதவருகில் நின்று.

"எனக்குத் தடிமன் பிடிச்சா என்னால வேலை செய்ய ஏலாது மனே. உன்ட வாய்க்குத் தடிமன் பிடிச்சாத்தான் உனக்கு வேலை செய்ய ஏலும் போல." அவர் எழுந்து சுவர்த் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். "மூக்க நம்பாட்டி கண்ண நம்புங்க. அவட பால்ல கடைஞ்சு உருக்கின நெய் இது. மாரியில நெய் உறையணும். இது எண்ணெய் மாதிரி ஓடுது."

சுஹறா போத்தலைச் சரித்தாள். மஞ்சள் திரவம் தயக்கமில்லாமல் ஓடியது. அவள் தட்டைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டும் என்ன?"

"அது மாட்டு நெய். மற்றது நிந்தவூர் ஆட்டு நெய்."

இரண்டும் குருணை மணல் போல உறைந்து கிடந்தன. ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தாள். அசையவில்லை. கொஞ்ச நேரம் மூன்று போத்தல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால்மா மாட்டுப் பால்லதானே செய்யிற, பரிசாரியார்?"

"வேற என்னத்துல?"

"மாட்டு நெய் உறைஞ்சி கிடக்கு. ஆட்டு நெய்யும் உறைஞ்சி கிடக்கு. உறையிற ரெண்டக் கலந்தா மட்டும் என்னெண்டு உறையாமப் போகும்?"

பரிசாரியார் போத்தலை வாங்கித் தானும் சரித்துப் பார்த்தார்.

"தராசுல ஒரு கல்லுக் குறையுது," என்றான் பாயிஸ்.

"அப்ப இதுல என்ன கலந்திரிக்கு?" பரிசாரியாரின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு அந்தப் புள்ளையோட ஒரு கோபமும் இல்ல மகள். மருந்து வேலை செய்யாட்டி நோயாளிக்கு நான்தான் பதில் சொல்லணும். நாளைக்கு நீங்க ருசுவோட வந்து சொல்லுங்க, எல்லார்ட முன்னாலயும் நான் சொன்னதத் திருப்பி எடுக்கிறன். ருசு இல்லாம எடுக்க ஏலா."

"பால்ல ஒண்டும் கலக்கல்ல," என்றாள் சுஹறா எழுந்தபடி. "ஆட்டுலதான் ஆரோ கலந்திரிக்காங்க."

ஓட்டோவுக்குத் திரும்பும்போது பாயிஸ் கேட்டான். "ஆட்டுல கலக்கிற எண்டா? அதுட காதால ஊத்துறதா?"

"வாயால. ஆடு திண்டதுதானே பாலாகுது."

மருதமுனையில் றாஹிலாவின் வீடு ஒரு குறுகிய ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. பாயிஸ் வேலிக்கு வெளியே, அங்கே கட்டியிருந்த ஆட்டுடன் நின்றுகொள்ள, சுஹறா மட்டும் உள்ளே போனாள். றாஹிலா வெள்ளை உடுத்தியிருந்தாள். முகம் கழுவியும் கழுவாதது போல இருந்தது. அவளுடைய மகள் றிபா ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சற்று முன்பு மௌத்தாகியிருந்தாள். நாலு வயது. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை.

"ஆட்டுக்கு என்ன திங்கக் குடுக்கிற?"

"இப்பில் இலை, பலா இலை. உம்மாதான் ஒடிச்சிக் கொண்டு வாறா. வேறொண்டும் இல்ல ராத்தா. அல்லாஹ் மேல சத்தியமா நான் பால்ல தண்ணி கூட விட்டதில்ல."

"பால்ல வாசம் குறைஞ்சிரிக்கு எண்டு உனக்குத் தெரியல்லையா?"

றாஹிலா கைகளைப் பார்த்தாள். "புள்ள போனதுல இருந்து எனக்கு எதுட வாசமும் தெரியிறல்ல."

சுஹறா பேச்சை மாற்றினாள். "இதுக்கு முன்னாலயும் பால் வித்தனியா?"

"இல்ல. முந்தி அது றிபாக்கு மட்டும்தான். அவக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. அவரு போன பொறகுதான் விக்கத் தொடங்கினன்."

"அவரு" என்ற சொல்லை அவள் சூடான பாத்திரத்தைத் தொடுவது போலத் தொட்டு விட்டாள். அவளுடைய கணவன் றாஸிக். வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது என்பதால் பிரிவு வந்தால் இங்கே ஆண்தான் வெளியேற வேண்டும். றாஸிக் ஒரு பையில் சட்டைகளை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"பிரிவ ஆரு கேட்ட?"

"நான்தான். காதி கோர்ட்டில நானாத்தான் கேட்டன்." அவள் குரல் தட்டையாக இருந்தது. பலமுறை தனக்குள் சொல்லித் தேய்ந்த கதை போல. "மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வார்ட்டில புள்ளைய மடியில வச்சிக்கிட்டு நான் ஒருத்தியா இருந்தன். மற்றப் புள்ளைகள்ட வாப்பாமார் ஜன்னலுக்கு வெளியில நிண்டு கை காட்டுவாங்க. றிபா ஜன்னலப் பாத்துட்டே கிடப்பா. இவரு வரல்ல. ஆட்டப் பாக்க ஆளில்லையாம். மையித்து அடக்கத்துக்குத்தான் வந்தாரு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு ஆட்டுக்குக் குடுத்த மதிப்பக் கூடப் புள்ளைக்குக் குடுக்காத ஆளோட நான் என்னெண்டு ராத்தா இருக்கிற?"

சுஹறா அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப அந்த ஆடுதான் எனக்குச் சோறு," என்றாள் றாஹிலா. "அதுட பேரும் போச்செண்டா நான் இத்தா முடிஞ்சி எந்த முகத்தோட வெளிய இறங்குற?"

வெளியிலிருந்து குரல் வந்தது. "ராத்தா, கெதியா வாங்க. இது என்ட சட்டையத் திங்குது."

ஆடு உண்மையிலேயே பாயிஸின் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது. அவன் இழுத்து விடுவித்தபோது துணியில் அகலமான கறை ஒன்று இருந்தது.

"பெருநாளைக்கு எடுத்த சட்டை. பாருங்க, ஈரமும் இல்ல, எண்ணெய். இதென்ன ஆடா, பொரிச்ச வடையா?"

சுஹறா குனிந்து கறையை மோந்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகு ஆட்டின் தாடியை விரலால் நீவினாள். தவிட்டுத் துணிக்கைகள் ஒட்டின.

"நல்லெண்ணெய்," என்றாள். "இப்பில் இலையில நல்லெண்ணெய் வருமா?"

"வந்தா நான் ஓட்டோவ வித்துப்போட்டு ஒரு தோப்பு வாங்கியிருப்பன்."

வேலியின் அடியில், ஒழுங்கைப் பக்கமாக, ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. நக்கித் துடைக்கப்பட்டிருந்தது. மழையில் கரைந்த செருப்படிகள் வந்து நின்று திரும்பிப் போயிருந்தன.

"றிஸ்மி," என்றான் பாயிஸ் உடனே. "மாட்டுப்பால் விக்கிற றிஸ்மி. இவட வியாபாரத்தக் கெடுக்க அவன்தான் என்னத்தையோ வைக்கிறான். இப்பவே போய்ப் பிடிப்பம்."

"கெடுக்க நினைக்கிறவன் ஆட்டுக்கு விருந்து வைப்பானா? தோலப் பாரு, மினுங்குது. வயிறு கெடல்ல. கண் தெளிவா இரிக்கி. அளவு தெரிஞ்ச கை இது. இந்த ஆட்டுல ஆருக்கோ நல்ல விருப்பம் இரிக்கி."

"ஆட்டுல காதலா? விசாரணையில அதயும் சொல்லணுமா?"

சுஹறா தொலைபேசியில் உசாந்தினியை அழைத்தாள். அவர் மிருக வைத்தியர். பல வருடத்துக்கு முன்பு, செத்த மாடுகளுக்கு நட்டஈடு கேட்டவர்களின் விடயத்தில் இருவருக்கும் அறிமுகம். சுஹறா ஒலியைக் கூட்டிப் பிடிக்க, பாயிஸும் குனிந்து கேட்டான்.

"ஆட்டுக்கு எண்ணெய்ச் சத்துக் குடுத்தா பால்ல என்ன மாற்றம் வரும், டொக்டர்?"

"பால்ல கொழுப்புக் கூடும். மாட்டுக்குக் குடுத்தா சில நேரம் குறைஞ்சும் போகும், ஆடு அப்பிடியில்ல. மறுகா, என்ன எண்ணெய் எண்டதயும் பொறுத்தது. தேங்காய்ச் சத்து எண்டா கொழுப்பு இறுகும். எள்ளு மாதிரி எண்டா இளகி நிக்கும், நெய் லேசில உறையாது."

"வாசம்?"

"ஓம், அதுவும் குறையும். அந்த முடை வாசம் வாறது ஆடு தன்ட மடியில தானே செய்யிற சில கொழுப்பால. வெளியால இருந்து எண்ணெய் வந்தா மடி அந்த வேலையக் குறைச்சுப் போடும்."

"மடிக்கும் சோம்பல் வருமா டொக்டர்?" என்றான் பாயிஸ்.

"சமைச்ச சோறு வீட்டுக்கு வந்தா ஆர் தம்பி உலை வைப்பா?" என்று அவர் சிரித்தார். "இதில ஒரு புதினம். இதே கேள்விய என்னட்ட முந்தியும் ஒருவர் வந்து கேட்டவர்."

சுஹறா நிமிர்ந்தாள். "ஆரு?"

"பேர் ஞாபகமில்ல. ஒரு சின்னப் புள்ளையிட தகப்பன். புள்ளைக்கு இதயத்தில வருத்தம். உடம்பு தேறினாத்தான் ஒப்பரேசன் எண்டு சொல்லியிருக்காங்களாம். மாட்டுப்பால் ஒத்துவராது, ஆட்டுப்பால் குடுத்தா வாசத்துக்கு முகத்தத் திருப்புதாம். பால்ல கொழுப்பக் கூட்டி வாசத்த எடுக்க ஏதும் வழி இருக்கா எண்டு கேட்டார். சவளக்கடையில ஒரு எண்ணெய்ச் செக்கு இருக்கு, அடியில படியிற மண்டிய வாங்கித் தவிட்டில பிசைஞ்சு கொஞ்சமா வைங்க, கூடினா ஆட்டிட வயிறு கெட்டுரும் எண்டு சொன்னன். சொன்னதெல்லாத்தையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிட்டுப் போனவர். நல்ல மனுசன்." பிறகு கேட்டார். "அந்தப் புள்ள இப்ப எப்பிடி?"

சுஹறா வேலிக்கு அப்பால் வீட்டைப் பார்த்தாள். சாத்திய கதவு. கொடியில் ஒரே ஒரு வெள்ளைத் துணி.

"பொறகு எடுக்கிறன் டொக்டர்," என்று அழைப்பைத் துண்டித்தாள்.

பாயிஸ் ஓட்டோவைக் கிளப்பி, எங்கே என்று கேட்காமலே சவளக்கடைக்குப் போகும் நற்பிட்டிமுனை வீதிக்குத் திருப்பினான்.

கிட்டங்கி என்ற இடத்தில் ஆற்று நீர் வீதிக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த உழவு இயந்திரம் ஒன்று அலையடித்து அவர்களின் கால்களை நனைத்தது. இரண்டு பக்கமும் ஆற்றுவாழை மிதந்தது. வானமும் தண்ணீரும் ஒரே நிறமாக இருந்ததால் ஓட்டோ எதன் மேலும் ஓடாமல் சும்மா மிதப்பது போலச் சுஹறாவுக்குத் தோன்றியது. தப்புச் செய்தவனைப் பிடிக்கப் போகும்போது அவளுக்குள் எப்போதும் ஒரு வேகம் இருக்கும். இன்று அது இல்லை. சவளக்கடை வராமல் இந்தத் தண்ணீர் இப்படியே நீண்டு போனால் நல்லது என்று இருந்தது.

சவளக்கடையில் ஒரு நெல் ஆலைக்குப் பக்கத்தில்தான் டொக்டர் சொன்ன செக்கும் இருந்தது. அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்த றாஸிக் தவிட்டு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். புருவத்திலும் தாடியிலும் தவிடு படிந்து, வயதுக்கு முன்பே நரைத்தவன் போலத் தெரிந்தான். றாஹிலாவின் வீட்டிலிருந்து வருவதாகச் சுஹறா சொன்னதும் மூட்டையை இறக்கி வைத்தான்.

"ஆட்டுக்கு ஏதுமா, ராத்தா?"

"ஆட்டுக்கு ஒண்டுமில்ல. றாஹிலாக்குத்தான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பரிசாரியாரின் மூக்கு, ஓடும் நெய், பால்மா என்ற பழி, நாளைய விசாரணை. சொல்லச் சொல்ல அவன் மெல்ல மூட்டையின் மேல் உட்கார்ந்தான்.

"நான் வச்சதாலயா?"

"ஓம். நீ வச்சதாலதான்."

"வாசம் போனா நல்லது எண்டுதானே..." அவன் முடிக்கவில்லை. உள்ளங்கைகளைப் பார்த்தான். அவை எண்ணெயில் கறுத்திருந்தன.

"புள்ள போனதுக்குப் பொறகும் ஏன் வச்ச?" என்று கேட்டாள் சுஹறா. "றாஹிலாக்குப் பால் கூடக் கிடைக்கட்டும் எண்டா?"

"அப்பிடிச் சொன்னா எனக்கு நல்ல பேர் வரும். அது பொய் ராத்தா. நிப்பாட்ட ஏலல்ல. புள்ளைக்கெண்டு என்ட கையால செஞ்சது இது ஒண்டுதான். வெள்ளாப்பில முழிச்சா கை தானாத் தவிட்டுக்குள்ள போகுது. சுபஹுத் தொழுகைக்கு முன்னால கொண்டு போய் வச்சிட்டு, அது திண்டு முடியுமட்டும் வேலியப் பிடிச்சிட்டு நிண்டுட்டு வருவன். உள்ளுக்கப் பாக்க மாட்டன். இப்ப நான் அவக்கு அந்நிய ஆம்பள."

"வார்ட்டுக்கு ஏன் போகல்ல நீ? அதுதான் அவட மனசுல கிடக்கு."

"வீட்டுல நாங்க ரெண்டு பேரும்தான் கறப்பம். அவ வார்ட்டில. அங்க பாக்க விடுற நேரமும் கறவை நேரமும் ஒண்டுதான். நானும் போய் ஜன்னலடியில நிண்டா அண்டைக்குப் புள்ளைக்குப் பால் இல்ல. கறந்து, காய்ச்சி, பிளாஸ்க்ல ஊத்தி, முதல் பஸ் கண்டக்டர்ட கையில குடுத்து விடுவன். வாப்பாட முகம் வேணுமா, வாப்பா அனுப்புற பால் வேணுமா எண்டு பாத்தன். நிறை கூடினாத்தானே ஒப்பரேசன். பால்தான் எண்டு முடிவெடுத்தன்."

"ஆட்டுக்கு எண்ணெய் வைக்கிறத அவக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா அவ புள்ளைக்கிட்டச் சொல்லுவா. இந்தா, வாப்பா வாசத்த எடுத்திட்டாரு, குடி மகள் எண்டு. சொன்ன உடன அது மோந்து பாக்கும். மோந்து பாத்தா ஆடு ஞாபகம் வரும். ஒண்டும் தெரியாட்டிச் சும்மா குடிச்சிரும் எண்டு நினைச்சன்." அவன் தாடியிலிருந்த தவிட்டைத் துடைத்தான். "மறுகா சொல்லுவம் எண்டிருந்தன். மறுகா சொல்லுறதுக்கு ஒண்டும் இரிக்கல்ல."

பாயிஸ் திரும்பி நின்று, செக்கைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தான்.

"நாளைக்கு ஜும்ஆவுக்கு மருதமுனைக்கு வரணும்," என்றாள் சுஹறா. "பள்ளியில எல்லார்ட முன்னாலயும் இதச் சொல்லணும். டொக்டரையும் நான் கதைக்க வைக்கிறன். ஆனா நீ சொன்னாத்தான் அவட பேர் மீளும். வேலியடிக்கு வந்து போனதயும் சொல்ல வேண்டி வரும். ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வாறன். அவ கலந்தா எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது." மூட்டையிலிருந்து எழுந்தான். "இண்டையோட மண்டி வைக்கிறதயும் நிப்பாட்டுறன். கொஞ்ச நாளையில பால் பழையபடி ஆட்டுப்பாலாகிடும் எண்டு பரிசாரியாருக்குச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஒரு துப்பு, ஒரு ஆள், ஒரு வாக்குமூலம். இவ்வளவு சுலபமாக முடிந்த விசாரணை அவளுக்கு நினைவில் இல்லை. றாஹிலாவின் பெயர் நாளை மீண்டுவிடும். ஆனாலும் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது எதையோ அந்த ஆலைக்குள் போட்டுவிட்டு வருவது போல இருந்தது.

பாயிஸ் இயந்திரத்தைக் கிளப்பினான். மழைக்குள் ஓடி வந்த றாஸிக் ஓட்டோவின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். தவிடு நனைந்து அவன் முகத்தில் கோடு கோடாக இறங்கியது. அழுகிறானா என்று கண்டுபிடிக்கச் சுஹறாவால் முடியவில்லை.

"ராத்தா, ஒண்டு. அவக்கு முன்னால நிண்டு கேக்க எனக்கு இப்ப உரிமை இல்ல. உரிமை இருக்கக்குள்ள கேக்கப் பயமா இருந்திச்சு."

"என்ன?"

"அனுப்புற பிளாஸ்க் பொழுதுபடக்குள்ள அதே பஸ்ஸுல திரும்பி வரும். ஒவ்வொரு நாளும் காலியாத்தான் வந்திச்சு. கழுவித்தான் அனுப்புவா, அதால எனக்கு ஒண்டும் தெரியாது. புள்ள குடிச்சுக் காலியாச்சா, குடிக்காம ஊத்திக் காலியாச்சா... அத மட்டும் அவக்கிட்டக் கேட்டு எனக்குச் சொல்லுங்க, ராத்தா."